அடி, மீட்டர், முழம்

"மலரும் நினைவுகள் ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். நினைவுகளுக்கு நம்மவர்களிடம் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரிகள், விடிகாலை டீக்கடை, பஸ்ஸில் மாடலை மடியில் வைத்துக்கொண்டு வந்த கதை எல்லாம் இந்த மலரின் மற்ற பக்கங்களில் எப்படியும் வந்துவிடும். நான் எழுத நினைத்தது வேறு. நாம் படித்த இந்த ஐந்தாண்டுப் படிப்பு நம் ஊருக்கு எப்படி வந்தது, வந்த இடத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது என்பதைத்தான். வரலாறு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! நாம் எல்லோரும் கையில் பிடித்த அளவுகோலை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

அளந்து பழகிய ஊர்

கிண்டிக்கும் அளவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1794-இல் கம்பெனி ஆட்சி சென்னையில் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கியது. அதுதான் வளர்ந்து வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். அங்கே தொடங்கிய சர்வேதான் பிற்பாடு இமயமலை வரை போய் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்னது. உலகத்தின் உச்சியை அளந்த வேலைக்கு முதல் சங்கிலி விழுந்தது நம் கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் என்றால், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தானே!

அளக்க ஆள் தயாரானார்கள். கட்டடத்தை வரைய? அதற்கு வெளிநாட்டவர்கள்தான் வந்தார்கள். ராபர்ட் சிஷோம் போட்டியில் வென்று மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் வடிவமைத்தார். 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்த அந்த செனட் மண்டபத்தைக் கடற்கரைச் சாலையில் போகும்போது இன்றைக்கும் பார்க்கலாம். வரைந்தது அவர். செங்கல் வைத்ததும் சுண்ணாம்பு அரைத்ததும் நம்மூர்க் கைகள். அந்தக் கைகளுக்கு ஒரு படிப்பு இருந்தது. ஆனால் அதைப் படிப்பு என்று எந்த சர்க்கார் தாளிலும் எழுதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை, ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று நினைத்த சென்னைப் பையன் பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டும். வசதி இருந்தால் லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டும். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் வரைவாளர்களுக்கான வகுப்பாகத் தொடங்கியதுதான் மெல்ல மெல்ல முழுக் கட்டடக்கலைப் படிப்பாக வளர்ந்தது. சென்னையில் எல்.எம். சிட்டாலே 1932-இல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தோடு அவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன கட்டடம் அது. அப்படிப்பட்ட கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் நம் துறையும் பிறந்தது.

ஒரே வருஷம், இரண்டு பள்ளிகள்

1957-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அணாவுக்கு எத்தனை பைசா என்று கடைக்குக் கடை சண்டை. அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து மீட்டரும் கிலோவும் படிப்படியாக வரத் தொடங்கின. நாடே புதிய அளவுக்கு மாறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சென்னைப் பல்கலைக்கழகம் கட்டடக்கலைக்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. இடம், அழகப்பச் செட்டியார் பெயரில் 1944-இல் எழுந்த ஏ.சி. டெக் வளாகம். 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது நம் துறையும் கிண்டி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றோடு அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. இது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று உண்டு. அதே 1957-இல், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தெற்கே, மாமல்லபுரத்தில் அரசு இன்னொரு பள்ளியைத் தொடங்கியது. சிற்பமும் கோயில் கட்டடக்கலையும் கற்றுத்தரும் பள்ளி. பின்னாளில் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. வை. கணபதி ஸ்தபதி நீண்ட காலம் அதன் முதல்வராக இருந்தார். 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையும் அவர் கைவண்ணம்.

ஆக, ஒரே வருஷத்தில், ஒரே கடற்கரையில், கட்டுவதைக் கற்றுத்தர இரண்டு பள்ளிகள். ஒன்றில் டி-ஸ்கொயர், இன்னொன்றில் உளி. இரட்டைப் பிள்ளைகள் வேறு வேறு வீட்டில் வளர்ந்த மாதிரிதான். ஒரு வீட்டில் மீட்டர் பேசினார்கள், இன்னொரு வீட்டில் முழம் பேசினார்கள். நடுவில் சைட்டில் நின்ற மேஸ்திரி அடியும் அங்குலமும் பேசினார்!

ஸ்டுடியோவில் நாங்கள்

நான் சேர்ந்தது 1985-இல். ஆர்க்கிடெக்சர் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, இன்ஜினியரிங் கிடைக்கலையா?" இரண்டாவது கேள்வி, "அது தோண்டிப் பார்க்கிற படிப்புதானே?" ஆர்க்கியாலஜியோடு குழப்பிக்கொண்டவர்களுக்கு விளக்கிச் சொல்லியே முதல் செமஸ்டர் கழிந்தது.

டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், ரோட்ரிங் பேனா. பேனாவில் மசி அடைத்துக்கொண்டால் காதுப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ட்ரேசிங் ஷீட்டில் கோடு பிசகினால் பாதி பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து மேலே வரைவோம். பிரிண்ட் கடையின் அம்மோனியா வாடை சட்டையில் இரண்டு நாள் தங்கும். ஆட்டோகேட் உலகத்தில் 1982-லேயே வந்துவிட்டது என்றாலும் எங்கள் போர்டு வரை அது வந்து சேரவில்லை.

வரைபடத்தில் எல்லாமே மில்லிமீட்டர். சுவர் 230, கதவு 900. சைட்டுக்குப் போனால் மேஸ்திரி, "தம்பி, ஒம்போது இஞ்சுச் சுவரா, நாலரையா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார். வீடு விற்பது சதுர அடியில். மனை விற்பது கிரவுண்டில். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பரீட்சைக்கு ஒரு கணக்கு, பிழைப்புக்கு ஒரு கணக்கு என்று அப்போதே புரிந்துபோயிற்று.

சரித்திரப் பாடத்துக்கு பானிஸ்டர் ஃபிளெட்சர் எழுதிய தடிமன் புத்தகம். 1896-இல் முதலில் வந்தது. 1901-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் உலகத்துக் கட்டடங்களை இரண்டாகப் பிரித்தார். ஐரோப்பியக் கட்டடங்களின் வரிசை சரித்திரம் உள்ள பாணிகள். இந்தியா, சீனா, ஜப்பான் முதலானவை சரித்திரமற்ற பாணிகள்! தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ஊருக்குச் சரித்திரம் இல்லையாம். பிந்தைய பதிப்புகளில் அந்தத் தலைப்பு போய்விட்டது. ஆனாலும் கட்டடக்கலை என்றால் கிரேக்கத்தில் பிறந்து ரோமில் வளர்ந்து கடைசியாக இங்கே எட்டிப் பார்த்தது என்ற எண்ணம் அவ்வளவு சீக்கிரத்தில் போகவில்லை. பெர்சி பிரவுன் புத்தகம்தான் பல்லவர், சோழர், பாண்டியர், விஜயநகரம், மதுரை நாயக்கர் என்று நம் கோயில்களை வரிசைப்படுத்திக் கொடுத்தது. பரீட்சைக்கு அதுவே துணை.

இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. ராம் ராஸ் என்ற அந்தத் தஞ்சைப் பக்கத்துக்காரர் பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். 'இந்துக்களின் கட்டடக்கலை' பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல், அவர் மறைவுக்குப் பின் 1834-இல் 48 படங்களோடு லண்டனில் வெளியானது. அவருக்கு வந்த சிக்கல் என்ன தெரியுமா? சில்ப சாஸ்திரச் சுவடிகளைப் படிக்கத் தெரிந்த பண்டிதர்களுக்குத் தொழில் சொற்கள் புரியவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்குச் சுவடியின் வடமொழி புரியவில்லை. கடைசியில் ஒரு சிற்பியைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அர்த்தம் கண்டுபிடித்தார். புத்தகம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று 1830-களிலேயே பிரிந்து கிடந்திருக்கிறது. 1957-இல் இரண்டு பள்ளிகளாகப் பிறந்ததில் ஆச்சரியம் என்ன!

முழம் என்றால் எவ்வளவு?

இரண்டாம் வருஷம் மாமல்லபுரம் போனோம். ஐந்து ரதங்களை ஸ்கெட்ச் பண்ணுவதுதான் வேலை. வெயில் தாங்காமல் சாலையோரச் சிற்பக்கூடம் ஒன்றில் ஒதுங்கினோம். வயதான ஸ்தபதி ஒருவர் கல்லில் காவிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு மரக்கோல். அதில் எண்கள் இல்லை, கீறல்கள் மட்டும்.

"ஐயா, இது எத்தனை சென்டிமீட்டர்?" என்று எங்களில் ஒருவன் கேட்டான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. எட்டு யவை ஒரு அங்குலம், இருபத்துநாலு அங்குலம் ஒரு முழம், நாலு முழம் ஒரு கோல். உங்க கணக்குக்கு இந்த முழம் முப்பத்துமூணு இஞ்சு வரும். தச்சு முழம்னு சொல்லுவாங்க."

நாங்கள் விழித்தோம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தால் பதினெட்டு இஞ்சு வரும். பூக்காரம்மா முழமும் அதுதான். இவர் முழம் முப்பத்துமூன்று. மயமதம் முதலான நூல்கள் வேலைக்கு ஏற்றபடி வேறு வேறு முழங்களையும் கோல்களையும் சொல்கின்றன என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு அவர் தரையில் ஒரு விமானத்தை வரைந்து காட்டினார். அதிட்டானம், கால், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. "ஆறு அங்கம். பாதம், உடம்பு, தோள், கழுத்து, தலை, குடுமி. மனுஷன் நிக்கிற மாதிரிதான் கோயிலும் நிக்குது" என்றார். பெர்சி பிரவுனில் பல பக்கம் படித்தது ஐந்து நிமிஷத்தில் மண்டையில் ஏறிவிட்டது.

இங்கே சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972-இல் ஆர்க்கிடெக்ட் சட்டம் வந்தது. கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நம் படிப்புக்கு ஒரு காப்பு கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தின்படி, தலைமுறை தலைமுறையாகக் கோயில் கட்டிவரும் ஒரு ஸ்தபதி, அங்கீகரித்த பட்டம் இல்லையென்றால், ஆர்க்கிடெக்ட் அல்ல. ஆர்க்கிடெக்ட் என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'தலைமைத் தச்சர்' என்றுதான் பொருள் என்பது இதில் வேடிக்கை! 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அந்தச் சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, தொழில் செய்வதையே தடுக்கவில்லை என்று தெளிவாக்கியது. பெயர் நமக்கு, தொழில் எல்லோருக்கும். யோசித்துப் பார்த்தால் ராம் ராஸ் காலத்துக் கதையேதான்.

செட்டிநாட்டு வளவில்

மூன்றாம் வருஷம் மெஷர்ட் டிராயிங். நம் எல்லோருக்கும் மறக்க முடியாத பாடம். எங்கள் குழுவுக்குச் செட்டிநாட்டு ஊர் ஒன்றில் ஒரு வீடு. துறை பிறந்த வளாகத்துக்குப் பெயர் தந்த அழகப்பச் செட்டியாரின் கோட்டையூரும் அந்தச் சீமைதான்.

முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும் வீடு. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வாசலில் நின்றால் கடைசிக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை, முகம் தெரிகிற மாதிரி மினுமினுக்கும் சாந்துப் பூச்சு. வீட்டில் ஒரே ஓர் ஆச்சி மட்டும் இருந்தார். "அளந்து என்னப்பா பண்ணப் போறீங்க? விக்கவா?" என்று கேட்டார். "இல்லைங்க ஆச்சி, படிக்க" என்றோம். நம்பிய மாதிரி தெரியவில்லை. ஆனாலும் நான்கு நாளும் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்தான்.

இன்றைய மாணவர்களுக்காக வேலையைச் சொல்கிறேன். மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிப்பார், ஒருவர் படிப்பார், ஒருவர் எழுதுவார். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒரே புள்ளியிலிருந்து தொடர்ந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு மூலைவிட்டமும் எடுக்க வேண்டும். அது இல்லாமல் முற்றம் சதுரமா, சாய்சதுரமா என்று தெரியாது. சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக் குண்டு. தரைமட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப். பொதிகையின் வளைவை எடுக்க மெல்லிய ஈயக்கம்பியை அதன்மேல் அழுத்தி, எடுத்துத் தாளில் வைத்துக் கோடு இழுக்க வேண்டும்.

ராத்திரி சத்திரத்தில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்தபோது ஓர் அதிசயம். வளவின் தூண்களுக்கு இடையே எங்கே பார்த்தாலும் 2.51, 2.52 மீட்டர். முழு எண்ணாக இல்லை. அடியில் மாற்றினால் எட்டு அடி மூன்று அங்குலம். அதுவும் கணக்காக இல்லை. 'இவ்வளவு செலவு செய்தவர்கள் ஒரு ரவுண்டு நம்பர் வைத்திருக்கக் கூடாதா?' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒருவன், "டேய், தொண்ணூத்தொம்போது இஞ்சு! மூணு முழம்டா!" என்று கத்தினான். முப்பத்துமூன்று மூன்று தொண்ணூற்றொன்பது! முற்றத்தின் நீளம் 6.70 சொச்சம், எட்டு முழம், அதாவது இரண்டு கோல். எல்லாமே முழு எண்கள்! மாமல்லபுரத்துப் பெரியவரின் கீறல் விழுந்த கோல் அந்த வீடு முழுக்க ஒளிந்துகொண்டிருந்தது. எந்தப் புத்தகமும் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் கையால் அளந்ததால் வீடே சொல்லிற்று.

இரண்டு பள்ளிகளும் சேர்ந்த இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிண்டி தந்த டேப்பும் மாமல்லபுரம் தந்த முழமும் ஒரு செட்டிநாட்டு வளவில் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன. நம் ஐந்தாண்டுப் படிப்பின் பலன் என்ன என்று யாராவது கேட்டால், நான் அந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

பரணில் கிடக்கும் வரலாறு

இத்தனையும் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்த வீடு இன்று இல்லை. பத்தாண்டுக்குப் பிறகு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். காலிமனையில் வேலிக்காத்தான் மண்டியிருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்வது ஊரறிந்த விஷயம். பிள்ளைகள் வெளிநாட்டில், பங்கு பத்துப் பதினைந்தாகப் பிரிந்துகிடக்கும், ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும். விற்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. பட்டியல் நல்லதுதான். ஆனால் ஒழுகும் கூரைக்குப் பட்டியல் குடை பிடிக்காதே!

அந்த ஆச்சியின் வீட்டில் இன்று மிஞ்சியிருப்பது நாங்கள் வரைந்த ஷீட்டுகள் மட்டும்தான். ஒன்றுக்கு ஐம்பது ஸ்கேலில் தளப்படம், வெட்டுத்தோற்றம். ஒன்றுக்கு இருபதில் தூண் விவரம். எத்தனை ஊரில், எத்தனை வீடுகளை, எத்தனை சத்திரங்களை, எத்தனை அக்கிரகாரங்களை நம் மாணவர்கள் அளந்திருக்கிறார்கள்! அவற்றில் எத்தனை இன்று நிற்கின்றன? ஒரு துறையின் வரலாறு அதன் முதல்வர்களின் பட்டியலில் மட்டும் இல்லை. இந்தச் சுருள்களிலும்தான் இருக்கிறது.

அவை அழிந்துகொண்டிருக்கின்றன. அம்மோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். ட்ரேசிங் ஷீட் வருஷம் ஆக ஆக மஞ்சளித்து, மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி உடையும். வீடு மாற்றும்போது "இந்தக் குப்பையையும் தூக்கணுமா?" என்ற கேள்வி நம் எல்லோர் வீட்டிலும் எழுந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, சங்கத்துக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் மெஷர்ட் டிராயிங் சுருள்களை இறக்குங்கள். நிமிர்த்தி, தட்டையாக ஸ்கேன் செய்யுங்கள். ஊர்ப் பெயர், வருஷம், அளந்தவர்கள், எந்த ஸ்கேல் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அளவு எழுதிய ரஃப் நோட்டு கிடைத்தால் அதையும் விடாதீர்கள். அழகான ஷீட்டைவிட அதில்தான் உண்மை அதிகம். சங்கம் இவற்றை ஓரிடத்தில் சேர்த்து நூலகத்துக்குக் கொடுக்கட்டும். பொற்பதக்கம் வழங்குவதைப் போலவே இதுவும் ஒரு நல்ல காரியம்.

இன்று படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் லேசர் இருக்கிறது. ஃபோனிலேயே ஒரு வீட்டை ஸ்கேன் செய்துவிடுகிறீர்கள். நாங்கள் நான்கு நாளில் செய்ததை நீங்கள் ஒரு மத்தியானத்தில் முடிக்கலாம். கட்டாயம் செய்யுங்கள். ஆனால் ஒரே ஒரு கட்டையாவது டேப் பிடித்து அளந்து பாருங்கள். எண் முழுதாக வராவிட்டால் ரவுண்டு செய்துவிடாதீர்கள். அந்தச் சொச்சத்தில்தான் அதைக் கட்டியவரின் முழம் இருக்கும்.